பத்துப் பேர் வந்திறங்கினார்கள்

இயேசு மரி சூசை

கம்பகா
12.11.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் றஞ்சிதா எழுதுகிறேன். நான் நல்ல சுகம். உங்களுக்கும் சுகத்தைத் தரும்படி மாதாவிடம் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். இருமல் விட்டதா? கசாயம் குடிக்கிறீர்களா, அல்லது போத்தலோடு அலுமாரியில் வைத்திருக்கிறீர்களா?

போன் இருக்கும் காலத்தில் இவள் கடிதம் எழுதுகிறாளே என்று போர்டிங்கில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். “கடலட்டைக்குச் சுழியோடிச் சுழியோடிக் காதைக் கடலுக்குக் குடுத்த மனிசனோடை போனிலை என்னத்தைக் கதைக்க?” என்று கேட்டேன். ஷிராஸ் நானாவின் கடைப் போனுக்குச் செய்தி அனுப்பினால் உங்களுக்கு முன்னால் சந்தியில் நிற்கிறவர்கள் வாசித்துவிடுவார்கள். கடிதம்தான் நமக்குச் சரி.

நான் ஊரிலிருந்து வேலைக்குக் கூட்டிவந்த பத்துப் பேரும் நன்றாக இருக்கிறார்கள். கிறேஸ் முதல் கிழமை முழுக்க அழுதாள். இப்போது எல்லாரையும் அழவைக்கிறாள். அடம்பன் ஊர் லக்சிகாதான் கெட்டிக்காரி. ஒருதரம் காட்டினால் போதும். தாய் பூமணி அக்கா அவளை விடமாட்டேன் என்று நின்றபோது நீங்கள் அந்த வெயிலில் சைக்கிளில் வந்து, “என்ரை பிள்ளை பாப்பாள், பயப்பிடாமல் விடு” என்று சொன்னதை அவளுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துகிறேன்.

இங்கே கார் செய்கிறார்கள் என்றால் ஊரில் பெரிதாக நினைப்பார்கள். பாகங்கள் வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். ஆண்கள் பொருத்துவார்கள், பெயின்ற் அடிப்பார்கள். எங்கள் பகுதியில் பெண்கள்தான். காருக்குள் ஓடும் வயர்களை அளந்து வெட்டி, நுனியில் பித்தளை முனை அடித்து, கட்டாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு காரின் வயரை நிலத்தில் பரப்பினால் நம் முற்றத்தில் காயப்போட்ட வலை மாதிரிக் கிடக்கும்.

ஒன்றுதான் மனதுக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்குச் சம்பளம் தருவது கார்க் கொம்பனி இல்லை, ஆள் பிடித்துக் கொடுக்கும் மான்பவர்காரர். நிரந்தரமானவர்களுக்கு நீலத் தொப்பி. எங்களுக்கு மஞ்சள். நான் வந்து மூன்று வருடம், சிங்களமும் படித்துவிட்டேன், லைனுக்கு லீடராகவும் போட்டார்கள். தொப்பி மட்டும் மாறவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்பு மகள்
றஞ்சிதா


வங்காலை
10.12.2023

என் அன்பு மகள் றஞ்சிதாவுக்கு,

அப்பா அந்தோனிமுத்து எழுதுவது. கர்த்தரின் கிருபையால் சுகம். நீயும் அவ்வண்ணமே இருப்பாய் என்று நம்புகிறேன். கசாயம் முடிந்துவிட்டது. குடித்துத்தான் முடிந்தது.

இங்கே மழை. இழுவைப் படகு றோலர்காரர் போன கிழமையும் கரைக்குக் கிட்ட வந்து இழுத்துவிட்டுப் போனார்கள். பலருடைய வலை போய்விட்டது. எனக்குப் பொத்துவதற்கு வேலை இருக்கிறது, ஆனால் அதைச் சந்தோசமென்று சொல்ல முடியாது.

பூமணி வந்தாள். ஒரு பை பயிற்றங்காய் கொண்டுவந்தாள். லக்சிகா அனுப்பிய பணத்தில் கூரைக்குத் தகரம் போட்டுவிட்டாளாம். கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ நிறையச் சொன்னாள். வாயைப் பார்த்ததில் பாதி விளங்கியது. மீதி விளங்காவிட்டாலும் நல்லதுதான் சொல்கிறாள் என்று தெரிந்தது. கோயிலிலும் பிள்ளைகளின் தாய்தகப்பன்மார் என்னைக் கண்டால் கையெடுக்கிறார்கள். சும்மா வலை பொத்துகிற எனக்கு இது உன்னால் வந்த மரியாதை.

நத்தார் திருநாளுக்கு வருவாயா? வருவதென்றால் முன்னதாக எழுது. ஒரு நல்ல பாரை மீன் சொல்லிவைப்பேன்.

உன் அப்பா


இயேசு மரி சூசை

கம்பகா
28.01.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சுகத்தை அறிய ஆவல். நத்தாருக்கு லீவு தரவில்லை. புது வருடத்துக்கும் எழுதவில்லை. கோபிக்க வேண்டாம்.

அப்பா, லக்சிகாவுக்கு விரல் போய்விட்டது. வலக்கைச் சுட்டுவிரல், இரண்டு கணு. பூமணி அக்காவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே போன் எடுத்துச் சொன்னோம். உங்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முனை அடிக்கும் மெசினுக்கு முன்னால் ஒரு மூடி இருக்கும். கை உள்ளே போகாமல் தடுப்பதற்கு. அதைத் திறந்து மூட நேரம் போகிறது என்று மார்கழியில் எல்லா மெசினிலும் கழற்றிவிட்டார்கள். நான் சுப்பவைசரிடம் கேட்டேன். ஓடர் முடிந்ததும் போடுவோம் என்றார். பொங்கலுக்கு அடுத்த நாள் இது நடந்தது. அவள் கத்தவில்லை அப்பா. கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அக்கா, மெசினை நிப்பாட்டுங்கோ” என்று மட்டும் சொன்னாள்.

விசாரணையில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். கொம்பனிக் கந்தோரில் இருந்த ஐயா, “மூடியை அவளே கழற்றினாள் என்று சொல்கிறாளா, கேள்” என்றார். கேட்டேன்.

“நான் கழட்டேல்லை அக்கா. எனக்கு அந்த மெசினைத் தரேக்கையே மூடி இல்லை.”

அதைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு, “நான் கேட்டபடி நீ எழுது. அவள் கையெழுத்து வைப்பாள்” என்றார்.

“கையெழுத்து வைக்கிற விரல்தான் சேர் இல்லாமல் போனது” என்றேன். எப்படி வாயில் வந்ததோ தெரியாது. அவர் என்னை வெளியே போகச் சொன்னார்.

அன்று பின்னேரம் சுனேத்ரா அக்கா என்னைத் தேடி வந்தார். நீலத் தொப்பிக்காரர். தொழிற்சங்கத்தின் செயலாளர். “மஞ்சள் தொப்பிகளைச் சேர்க்காமல் இவ்வளவு நாள் இருந்தது எங்கள் பிழை. நீங்கள் சேர்ந்தால் இதை எல்லாருடைய பிரச்சினையாக ஆக்கலாம்” என்றார். நான் சேர்ந்தால் மற்றவர்களும் சேர்வார்கள். நான் பின்வாங்கினால் அவர்களும் வரமாட்டார்கள். என்ன செய்ய? நீங்கள் சொல்வதற்காகக் காத்திருக்கிறேன்.

அன்பு மகள்
றஞ்சிதா


வங்காலை
11.02.2024

என் அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கண்டேன். நீ சுகமாக இருப்பதற்கு ஆண்டவருக்கு நன்றி. அந்தப் பிள்ளைக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன். அவர்கள் சைவம், ஆனால் அதைப் பார்க்கவில்லை.

நீ கேட்டதற்கு நேராகச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நாங்களும் ஒரு காலம் கரையில் சங்கம் வைத்தோம். றோலருக்கு எதிராகக் கொடி பிடித்தோம், மறியல் செய்தோம். பிறகு தலைவருக்கு மட்டும் யாரோ ஒரு படகு எஞ்சின் கொடுத்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஆள் வரவில்லை. அதன் பிறகு இரண்டு வருடம் ஒருவனோடு ஒருவன் கதைக்காமல் ஒரே கரையில் வலை இழுத்தோம். மீன் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

நீ வேறு மொழிக்காரர் நடுவில் இருக்கிறாய். எனக்கிருப்பது நீ ஒருத்தி.

பூமணி போன ஞாயிறு வந்தாள். கதிரையில் இருந்தாள். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு யோசித்தேன். நாம் இருவரும் சொல்லித்தானே அவள் பிள்ளையை விட்டாள். சேர்வதென்றால் எல்லாரையும் கேட்டுச் சேர். சேர்ந்தால் நடுவில் விட்டுவிட்டு வராதே. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாதா உன்னைக் காக்க.

உன் அப்பா


இயேசு மரி சூசை

கம்பகா
24.03.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தபசு காலத்தில் சுத்த போசனம் என்று சொல்லி வெறும் பாணோடு இருக்காதீர்கள். நான் சுகம்.

சேர்ந்துவிட்டோம். எல்லாரையும் கேட்டேன். கிறேஸ்தான் முதலில் கை தூக்கினாள். லக்சிகா கட்டுப் போட்ட கையைத் தூக்கினாள். சுனேத்ரா அக்காவின் வீட்டுப் பின்பக்கம், பலாமரத்தடியில் இருந்து சிங்களத்தில் இருந்த விண்ணப்பத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நீலத் தொப்பிப் பெண்கள் சிலர் எங்களோடு இருந்து சாப்பிட்டார்கள். மூன்று வருடத்தில் முதல் முறை.

மூன்று விசயம் கேட்டோம். மூடிகளைத் திரும்பப் போட வேண்டும். லக்சிகாவின் வைத்தியத்தைக் கொம்பனி பார்க்க வேண்டும். மஞ்சள் தொப்பிகளை நிரந்தரமாக்க வேண்டும். பதில் இல்லை. போன செவ்வாய் காலை எல்லாரும் மெசினை நிறுத்தினோம்.

அப்பா, அந்தச் சத்தம் நின்றபோது வெளியே காகம் கத்துவது கேட்டது. உள்ளே இருந்து நான் காகச் சத்தம் கேட்டதே இல்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

மத்தியானம் முகாமையாளர் வந்து, இரண்டு மணிக்கு மெசினில் இல்லாதவர்களுக்கு வேலை இல்லை என்றார். நீலத் தொப்பிகள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. நான் குறை சொல்லவில்லை. கடைசியில் நாங்களும் சுனேத்ரா அக்காவும்தான் நின்றோம். அவர் அழுதுகொண்டே, “நீங்களும் போங்கள் தங்கச்சி. தனியாக நின்றால் உங்களைத்தான் வேலையிலிருந்து வெட்டுவார்கள்” என்றார். போனோம்.

இப்போது ஒருவரும் எங்களை ஏசுவதில்லை. சுப்பவைசர்கூட மரியாதையாகப் பேசுகிறார். அதுதான் எனக்குப் பயம். உயிர்த்த ஞாயிறுக்கு வரப் பார்க்கிறேன்.

அன்பு மகள்
றஞ்சிதா


வங்காலை
21.04.2024

மகள் றஞ்சிதாவுக்கு,

சுகம். உன் சுகம் அறியவே எழுதுகிறேன். உயிர்ப்புக்கு வருவாய் என்று கோழி அடித்தேன். பிறகு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஷிராஸின் கடையில் நூல் வாங்கிக்கொண்டு நின்றேன். மன்னார் பஸ் வந்து நின்றது. கிறேஸ் பையோடு இறங்கினாள். லீவில் வருகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை. அதற்குப் பின்னால் இன்னொன்று. மற்ற ஊர்ப் பிள்ளைகளும் இங்கேதான் இறங்கினார்கள், தனியாக வீட்டுக்குப் போகப் பயந்திருப்பார்கள். பத்துப் பேர். லக்சிகா கடைசியாக இறங்கினாள். நீ இறங்குவாய் என்று நான் பஸ்ஸின் படியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

ஓடர் இல்லையாம். அதனால் மான்பவர் ஆட்கள் வேண்டாமாம். அவர்கள் சொல்லித்தான் தெரியும். நீ எங்கே என்று கேட்டேன். கிறேஸ் வாயை ஒவ்வொரு சொல்லுக்கும் திறந்து திறந்து சொன்னாள்.

“மாமா, றஞ்சி அக்காவுக்கு வெள்ளைக் கோட்டுக் குடுத்திருக்கினம். கந்தோருக்குப் பக்கத்திலை இருத்தியிருக்கினம். எங்களை வெளியாலை விட்ட அண்டைக்கே.”

அதற்கு அர்த்தம் என்ன மகள்? பதினொரு பேர் சேர்ந்தீர்கள். பத்துப் பேர் வந்தார்கள். ஏதும் காரணம் இருக்கும். எனக்கு எழுது. சந்தியில் கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்ல?

உன் அப்பா


இயேசு மரி சூசை

கம்பகா
05.05.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

கிறேஸ் சொன்னது சரிதான். என்னைத் தரம் பார்க்கும் பகுதிக்கு மாற்றினார்கள். நான் கேட்கவில்லை. இன்னும் சிறிது காலம் இங்கே இருக்க வேண்டியிருக்கிறது. ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். சந்தியில் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

லக்சிகாவின் விரலில் சீழ் வைக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணி படக்கூடாது.

இங்கே பகலெல்லாம் வெக்கை, பின்னேரம் இடி. போர்டிங்கில் இப்போது நான் மட்டும். அவர்களுடைய கட்டில்கள் அப்படியே இருக்கின்றன.

அன்பு மகள்
றஞ்சிதா


வங்காலை
09.06.2024

றஞ்சிதாவுக்கு,

சுகம்.

உன் கடிதத்தைப் பலதடவை வாசித்தேன். அதில் ஒன்றுமில்லை. நான் படிக்காதவன், ஆனால் ஒன்றுமில்லாத கடிதத்தை எனக்குத் தெரியும்.

ஊரில் சொல்வதை எழுதுகிறேன். நீதான் பிள்ளைகளைச் சங்கத்தில் சேர்த்தாயாம். யார் யார் சேர்ந்தார்கள் என்று கந்தோருக்குச் சொன்னதும் நீயாம். அதற்குத்தான் வெள்ளைக் கோட்டாம். நான் நம்பவில்லை என்று முதலில் சண்டை பிடித்தேன். “அப்ப ஏன் உங்கடை மகள் மட்டும் நிக்கிறாள்?” என்று கேட்கிறார்கள். உன் கடிதத்தில் அதற்குப் பதில் தேடினேன். நீ தரவில்லை.

பூமணி வந்தாள். இந்த முறை கதிரையில் இருக்கவில்லை. வாசலில் நின்றே, “அண்ணை, உங்கடை சொல்லை நம்பித்தானே விட்டனான்” என்றாள். எனக்குக் காது கேட்காமல் போனதற்கு முதன்முதலாக நன்றி சொல்லப் பார்த்தேன். ஆனால் வாயசைவு தெரிந்துவிட்டது. லக்சிகாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் கையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

கோயிலில் நான் இருக்கும் வாங்கில் ஒருவரும் வந்து இருப்பதில்லை. கரையில் எஞ்சின் வாங்கிய அந்த மனிதனை நாங்கள் எப்படிப் பார்த்தோமோ, அப்படி என்னைப் பார்க்கிறார்கள்.

அடுத்த மாதம் அன்னம்மாள் திருநாள். அந்தப் பத்துப் பிள்ளைகளும் கோயிலில் நிற்பார்கள். அவர்கள் முன்னால் உன்னைக் கூட்டிக்கொண்டு நிற்க என்னால் முடியாது. இந்த முறை நீ வர வேண்டாம்.

அந்தோனிமுத்து


கம்பகா
30.06.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வரவில்லை.

இருமல் மருந்து ஷிராஸ் நானாவின் கடைக்குப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் ஒரு கரண்டி.

றஞ்சிதா


இயேசு மரி சூசை

வங்காலை
01.09.2024

என் அன்பு மகள் றஞ்சிதாவுக்கு,

உன்னை ஆண்டவர் எல்லாத் தீமையிலிருந்தும் காப்பாராக. எனக்குச் சுகம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

வெள்ளி இரவு கிறேஸும் லக்சிகாவும் கொழும்பிலிருந்து வந்தார்கள். நேரே நம் வீட்டுக்குத்தான் வந்தார்கள். கிறேஸ் என் காலடியில் இருந்து அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன். லக்சிகாதான் இடக்கையால் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். கோணல் கோணலான எழுத்து. “அக்கா எங்கட பக்கம்” என்று எழுதியிருந்தாள்.

பிறகு கிறேஸ் நிதானமாகச் சொன்னாள். சங்கம் கொடுத்த முறைப்பாட்டுக்குத் தொழில் திணைக்களத்தில் விசாரணையாம். ஓடர் இல்லாததால்தான் இவர்களை நிறுத்தினோம் என்று கொம்பனி வக்கீல் சொன்னாராம். அதற்குச் சாட்சியாக உன்னைக் கூட்டிவந்தார்களாம். நீ வெள்ளைக் கோட்டோடு உள்ளே வந்தபோது கிறேஸ் நிலத்தில் துப்பினாளாம். அதை என்னிடம் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டாள்.

நீ எழும்பி, ஓடர் ஒருநாளும் குறையவில்லை, இவர்களை அனுப்பிய அடுத்த கிழமையே அதே கதிரைகளில் புதுப் பிள்ளைகளை இருத்தினார்கள், ஓவர்டைமும் ஓடியது, தினமும் அந்த வேலையைத் தரம் பார்த்தது நான்தான் என்று சொன்னாயாம். “சங்கத்திலை சேர்ந்த ஒருத்தியையும் விட்டுவைக்காதே எண்டு என்ரை முன்னாலைதான் சொன்னவை. கோட்டுத் தந்தபடியால் நான் தங்கடை பக்கம் எண்டு நினைச்சிட்டினம்” என்று சொன்னாயாம். வக்கீல், “அப்படியென்றால் உன்னை ஏன் வைத்திருந்தார்கள்?” என்று கேட்டாராம். “நான்தான் காட்டிக்குடுத்தனான் எண்டு இவையள் நினைக்கவேணும் எண்டு” என்று சொல்லிவிட்டு, நீ பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாயாம். பிறகு கோட்டைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாயாம். இவர்கள் ஓடிவந்து பார்த்தபோது வாசலில் நீ இல்லையாம்.

அப்படி நினைக்க வேண்டும் என்று அவர்கள் செய்தார்கள். நாங்களும் நினைத்தோம். நானும் நினைத்தேன்.

இன்று பூசை முடிய நான் கோயில் வாசலில் நின்று சொன்னேன். கேட்டவர்கள் கேட்டார்கள். பூமணிக்கும் ஆள் அனுப்பிச் சொன்னேன். மகள், வீட்டுக்கு வா. வேலை வேண்டாம். ஒன்றும் வேண்டாம். வந்து என்னை ஏசு.

உன் அப்பா


இயேசு மரி சூசை

வங்காலை
20.10.2024

என் அன்பு மகளுக்கு,

நீ எங்கிருந்தாலும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

உன்னிடமிருந்து பதில் இல்லாததால் போன கிழமை கம்பகாவுக்குப் போனேன். தெரியாத ஊர். தாளில் எழுதிய விலாசத்தைக் காட்டிக் காட்டிப் போனேன். போர்டிங் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த சிங்களமும் கேட்டால்தானே பயன். உன் பெயரைச் சொன்னேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை விரித்து, மெதுவாக மேலே தூக்கிக் காட்டினார். பிளேன். நான் விளங்காதமாதிரி இன்னொருமுறை கேட்டேன். இன்னொருமுறை தூக்கிக் காட்டினார்.

சோறு போட்டுத் தந்தார். சுனேத்ரா என்ற பிள்ளையைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை யாரையோ பிடித்துத் தமிழில் எழுதுவித்தது. நீ ருமேனியா என்ற தேசத்துக்குப் போய்விட்டாயாம். விசாரணையில் பேசும்வரை யாருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் உன்னையும் நிறுத்திவிடுவார்கள், சாட்சி இல்லாமல் போகும் என்று சங்கத்து வக்கீல்தான் உன்னை அங்கே இருக்கச் சொன்னாராம். என் கடிதங்கள் வந்த நாட்களில் நீ சாப்பிடுவதில்லை என்றும் எழுதியிருந்தது. எழுதாமல் விட்டிருக்கலாம்.

விலாசம் தந்தார்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். ஆங்கில எழுத்தை ஷிராஸ் எழுதித் தந்தான்.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே மகள். நான் உன் தகப்பன்தானே. எப்போது வருவாய்?

உன் அப்பா


ருமேனியா
08.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றாகத்தான் என் கைக்கு வந்தன. முதலாவதைச் சுனேத்ரா அக்கா அனுப்பியிருந்தார். நான் சுகம். பனி பெய்கிறது. கைகால் வெடிக்கிறது, அதற்குப் பூச மருந்து தருகிறார்கள். நீங்கள் குளிருக்குக் கழுத்தில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

இங்கேயும் கார் வயர்தான். நிறம் மட்டும் வேறு. சுனேத்ரா அக்காவின் தங்கை இருக்கிறாள், அவள்தான் என்னை இங்கே எடுப்பித்தாள். திருநாளுக்கு வர வேண்டாம் என்று நீங்கள் எழுதிய கிழமைதான் இந்த வேலைக்குப் பாஸ்போட்டைக் கொடுத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். உங்களுக்குத் தெரியாது அப்பா, இவ்வளவு காலமும் ஒருவரும் உங்களிடம் சொன்னதில்லை. நீங்கள் காதோடு சொல்வதாக நினைத்துச் சொல்வது கடற்கரைக்கே கேட்கும். அம்மாவுக்கு மாறாத நோய் என்று டொக்டர் சொன்னதை நீங்கள் மாமாவிடம் இரகசியமாகச் சொன்னபோது அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. நான் உங்களுக்கு எழுதியிருந்தால் சந்தோசத்தில் செபமாலை சொல்லும்போது சொல்லியிருப்பீர்கள். ஊரில் கொம்பனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன் இருக்கிறான். அடுத்த நாளே கந்தோருக்குச் செய்தி போயிருக்கும்.

அதனால் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் என்னை நம்புவீர்கள் என்று நினைத்தேன். அது என் கணக்கில் வந்த பிழை.

விசாரணை முடிவு வந்துவிட்டது. பத்துப் பேரையும் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொம்பனி அதற்கு எதிராக மேலே போயிருக்கிறது. வருடக்கணக்கில் இழுக்கும் என்கிறார் வக்கீல். மூடிகளைப் போட்டுவிட்டார்களாம். நீலமும் மஞ்சளும் இப்போது ஒரே சங்கம். நல்லதுதான். கிறேஸிடம் கோபம் இல்லை. அவள் கண்ணால் கண்டதை நம்பினாள். லக்சிகாவுக்கு வக்கீலின் கந்தோரில் ஏதாவது வேலை கேட்டிருக்கிறேன். இடக்கையால் எழுதப் பழகட்டும்.

உங்களிடமும் கோபம் இல்லை என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

இங்கே வந்த இரண்டாம் நாள் ஒரு ருமேனியப் பெண் வந்து, சங்கத்தில் சேர்கிறாயா என்று கேட்டாள். பாசை தெரியாது. சைகையால்தான் கேட்டாள். விளங்கிவிட்டது. இலங்கையிலிருந்து என்னோடு வந்த புதுப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் சேர்ந்தால் தாங்களும் சேர்வதாக. நான் கையெழுத்து வைத்தேன். ஆனால் அவர்களைச் சேரச் சொல்லவில்லை. சேரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவரவர் யோசிக்கட்டும் என்று எழும்பி வந்துவிட்டேன். பழைய றஞ்சிதா அப்படி வந்திருக்கமாட்டாள்.

ஒப்பந்தம் இரண்டு வருடம். எப்போது வருவாய் என்ற கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இல்லை. எழுதிக்கொண்டிருங்கள். வாசிப்பேன்.

உங்கள் மகள்
றஞ்சிதா